பிடித்த மீனை ஆற்றிலேயே விடுகிற சங்கம்

நீங்கள் கேட்டது இது: அமெரிக்காவில் இருக்கும் உங்கள் தம்பி அங்குள்ள ஒரு ஃப்ளை ஃபிஷிங் கிளப்பில் சேர்ந்திருக்கிறார். வருடச் சந்தா கட்டுகிறார். விடியற்காலையில் போய் இடுப்பளவு குளிர்ந்த தண்ணீரில் நிற்கிறார். மீன் பிடிக்கிறார், பிடித்ததை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வருகிறார். "மீன் வேண்டாம் என்றால் தூண்டில் எதற்கு? இதற்கு ஒரு சங்கம் வேறு எதற்கு? இவர்களுக்கு வரலாறு, நோக்கம் என்று ஏதாவது உண்டா?"

உண்டு. ஆனால் பொதுவாகச் சொல்லிக்கொண்டு போனால் சப்பென்று இருக்கும். நான் மிச்சிகன் மாநிலத்தில் டெட்ராய்ட் பக்கம் பல வருடங்களாக இருக்கிறேன். இங்கிருந்து வடக்கே மூன்று மணி நேரம் காரில் போனால் கிரேலிங் என்று ஒரு சின்ன ஊர். அதை ஒட்டி ஓசாபிள் என்ற ஆறு ஓடுகிறது. அந்த ஆற்றுக்கென்றே இருக்கும் 'ஆங்லர்ஸ் ஆஃப் தி ஓசாபிள்' என்ற சங்கத்தின் கதையைச் சொல்கிறேன். ஏறக்குறைய எல்லா ஊர் கிளப்புகளின் கதையும் அதற்குள் இருக்கிறது.

முதலில் இந்தத் தூண்டில் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். நம்மூரில் முள்ளில் மண்புழுவைக் குத்தி, தக்கை கட்டி, ஈயக் குண்டு ஒன்றை மாட்டி எறிவோம். குண்டின் எடை தங்கூசி நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளை ஃபிஷிங்கில் முள்ளின்மேல் இருப்பது இறகும் ரோமமும் நூலும் சுற்றிய பொய்ப் பூச்சி; அதற்குத்தான் 'ஃப்ளை' என்று பெயர். ஊதினால் பறந்துவிடும். அதை நாற்பதடி தள்ளி எறிய முடியுமா? அதனால் எடையைக் கயிற்றிலேயே வைத்துவிட்டார்கள். தடித்த கயிற்றைச் சாட்டைபோல முன்னும் பின்னும் வீசி, கடைசியில் பூச்சி தண்ணீர்மேல் பஞ்சுபோல வந்து உட்காரும்படி விடவேண்டும். ட்ரவுட் மீன் அதை நிஜப் பூச்சி என்று நம்பி மேலே வந்து கவ்வும். நம்பாவிட்டால் பக்கத்தில் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். எனக்குப் பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கிறது.

இந்தப் பொய்ப் பூச்சிகளைக் கட்டுவது தனிக் கலை. 1922இல் மிச்சிகனின் மேஃபீல்ட் என்ற ஊரில் லென் ஹாலடே என்பவர் சேவலின் கழுத்து இறகை வைத்து ஒன்று கட்டினார். அதை முதலில் ஆற்றில் போட்டுப் பார்த்த நண்பரின் பெயரால் அதற்கு 'ஆடம்ஸ்' என்று பெயர் வந்தது. நூறு வருடம் தாண்டியும் உலகம் முழுக்க அதைத்தான் முடிச்சுப் போடுகிறார்கள்.

இனி ஆற்றுக்கு வருவோம். ஓசாபிள் என்றால் பிரெஞ்சில் மணல் சார்ந்த பெயர். பனியுகத்துப் பனிப்பாறைகள் உருகிப் பின்வாங்கியபோது விட்டுச்சென்ற மணலும் சரளையும் அந்த வட்டாரம் முழுக்க ஆழமாகக் கிடக்கிறது. மழை பெய்தால் தண்ணீர் மேலே ஓடாமல் மணலுக்குள் இறங்கி, ஊற்றாக மெதுவாக ஆற்றுக்கு வந்து சேர்கிறது. அதனால் கோடையிலும் சில்லென்று இருக்கும். பெரிய வெள்ளமும் கிடையாது, வறண்டு போவதும் கிடையாது. ட்ரவுட்டுக்கு இதைவிடச் சொகுசான இடம் வேண்டாம்.

ஆனால் அந்த ஆற்றின் சொந்த மீன் ட்ரவுட் இல்லை. கிரேலிங். ஊரின் பெயரே அந்த மீனிலிருந்து வந்ததுதான். முதுகில் பாய்மரம்போல விரியும் பெரிய துடுப்பு கொண்ட அழகான மீன் அது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மரக் கம்பெனிகள் அங்கே வந்தன. வானளாவிய வெள்ளை பைன் மரங்களை வெட்டி, வசந்தத்தில் ஆற்றில் தள்ளி மிதக்கவிட்டுக் கீழே கொண்டுபோனார்கள். ஆயிரக்கணக்கான கட்டைகள் ஆற்றின் அடித்தளத்தைச் சுரண்டிக்கொண்டே போயின. மீன் முட்டையிடும் சரளைப் படுகைகள் நாசமாயின. நிழல் போனதும் தண்ணீர் சூடேறியது. இதற்கு நடுவில் கிரேலிங் பிடிக்க ரயிலேறி வந்தவர்கள் கணக்கு வழக்கில்லாமல் அள்ளிக்கொண்டு போனார்கள். 20ஆம் நூற்றாண்டு தொடங்கிய கொஞ்ச காலத்திலேயே ஓசாபிளில் கிரேலிங் இல்லாமல் போய்விட்டது. 1930களில் மிச்சிகன் முழுக்கவே இல்லை. இன்று கிரேலிங் ஊரில் அந்த மீனைப் பெயர்ப்பலகையில்தான் பார்க்கலாம். அந்தப் பழைய காடு எப்படி இருந்தது என்று பார்க்க ஊருக்குப் பக்கத்தில் ஹார்ட்விக் பைன்ஸ் பூங்காவில் 49 ஏக்கர் மட்டும் மிச்சம் இருக்கிறது.

காலியான இடத்துக்கு வெளியூர் மீன்கள் வந்தன. பழுப்பு ட்ரவுட் ஜெர்மனியிலிருந்து முட்டையாகக் கப்பலேறி வந்தது. 1884 ஏப்ரலில் மிச்சிகனின் பியர் மார்க்கெட் ஆற்றுக் கிளையில் சுமார் 4,900 குஞ்சுகளை விட்டார்கள். பழுப்பு ட்ரவுட் அமெரிக்க ஆறுகளில் குடியேறியது அங்கிருந்துதான். ஆக, இன்று இந்தக் கிளப்காரர்கள் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றும் மீன் வந்தேறி மீன். இதை அவர்களிடம் சொன்னால் யாரும் கோபப்படுவதில்லை. கொஞ்சம் சங்கடமாகச் சிரிப்பார்கள், அவ்வளவுதான்.

(நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. நீலகிரி ஓடைகளிலும் நுவரெலியாப் பக்கமும் இருக்கிற ட்ரவுட் வெள்ளைக்காரர்கள் முட்டையாகக் கொண்டுவந்து விட்டதுதான். உதகையில் 1877இலேயே வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புக்கென்று ஒரு சங்கம் அமைத்து, 1879இல் சட்டமும் வாங்கிவிட்டார்கள். அங்கே பாதுகாப்பு என்றால் துரைமார்கள் வேட்டையாடவும் மீன் பிடிக்கவும் குறைவில்லாமல் பார்த்துக்கொள்வது என்றுதான் முதலில் அர்த்தம்.)

இப்படிப்பட்ட சங்கங்களில் மிகப் பழையவற்றில் ஒன்று இங்கிலாந்தில் இருக்கிறது. டெஸ்ட் ஆற்றங்கரையில் ஸ்டாக்பிரிட்ஜ் ஊரில் ஹௌட்டன் கிளப் 1822இல் தொடங்கியது, இன்றும் இருக்கிறது. அங்கே கரை யாருடையதோ மீன்பிடி உரிமையும் அவருடையது. ஆகவே அங்கு கிளப் என்றால் ஆற்றின் ஒரு துண்டை வாங்கியோ குத்தகைக்கு எடுத்தோ, மற்றவர் வராமல் வேலி போடுவது. மிச்சிகனில் கதை வேறு. பைன் என்ற ஆற்றில் ஒருவர் தன் நிலத்தின் வழியே ஓடும் பகுதிக்கு அறிவிப்புப் பலகை வைத்தார். இன்னொருவர் அதைப் பொருட்படுத்தாமல் தண்ணீருக்குள் நடந்தே தூண்டில் போட்டுக்கொண்டு போனார். வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், மரக்கட்டை மிதக்கும் அளவு பெரிய ஆறு என்றால் அதில் இறங்கி மீன் பிடிக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்று 1926இல் தீர்ப்பானது. நான் மிகவும் ரசிக்கும் தீர்ப்பு இது. ஆற்றை அழித்த அதே கட்டைகள்தான் ஆறு பொதுச் சொத்து என்பதற்குச் சாட்சியாயின. இதன் விளைவு, மிச்சிகனில் எந்தச் சங்கமும் அப்படிப்பட்ட ஆற்றுக்கு வேலி போட முடியாது. ஆறு எல்லோருக்கும் பொது. அதைப் பார்த்துக்கொள்ளத்தான் ஆள் வேண்டும்.

அப்படிப் பார்த்துக்கொள்ள நினைத்தவர்களில் முக்கியமான இரண்டு பேர் ஜார்ஜ் மேசனும் ஜார்ஜ் கிரிஃபித்தும். மேசன் பெரிய கை. நாஷ் கார் கம்பெனியின் தலைவர், பிறகு அமெரிக்கன் மோட்டார்ஸின் முதல் தலைவர். ஓசாபிளின் தெற்குக் கிளை ஓரமாக அவருக்கு நிறைய நிலம் இருந்தது. 1954இல் இறந்தபோது அதில் சுமார் 1,500 ஏக்கரை மாநிலத்துக்கே எழுதி வைத்தார். விற்கக் கூடாது, காட்டாகவே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இரண்டு பேரும் படகில் போகும்போதெல்லாம் பேசிய விஷயம் ஒன்று: வாத்துகளைக் காப்பாற்ற நாடு முழுக்க ஒரு சங்கம் இருக்கிறதே, ட்ரவுட்டுக்கு ஏன் இல்லை?

மேசன் போய்விட்டார். கிரிஃபித் விடவில்லை. 1959 ஜூலையில் ஓசாபிள் கரையில் இருந்த அவர் வீட்டில் பதினாறு பேர் கூடினார்கள். அதுதான் 'ட்ரவுட் அன்லிமிடெட்'. இன்று அமெரிக்கா முழுக்க அதற்குச் சுமார் 400 கிளைகள். உங்கள் தம்பி சேர்ந்திருப்பதும் அதில் ஒன்றாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அவர்களுடைய முதல் சண்டை அரசோடு. அரசு அப்போது என்ன செய்துகொண்டிருந்தது என்றால், பண்ணையில் தீனி போட்டு வளர்த்த ட்ரவுட்டை சீசன் தொடங்கும் முன் லாரியில் கொண்டுவந்து ஆற்றில் கொட்டும். ஜனங்கள் வந்து சில வாரங்களில் பிடித்துத் தீர்ப்பார்கள். அடுத்த வருடம் மறுபடி லாரி. எல்லோருக்கும் திருப்தி. இவர்கள் சொன்னது: லாரியை நிறுத்துங்கள், அந்தப் பணத்தில் கரையைச் சரிசெய்யுங்கள், தண்ணீரைக் குளிர்ச்சியாக வையுங்கள், மீன் தானாகவே பெருகும். அன்று இது கிறுக்குத்தனமாகத்தான் பட்டிருக்கும். ஆனால் மிச்சிகன் மெல்ல அந்த வழிக்கே வந்தது.

நான் சொல்ல வந்த சங்கம் 1987இல் பிறந்தது. அதைத் தொடங்கிய ரஸ்டி கேட்ஸ் ஆற்றங்கரையிலேயே விடுதியும் ஃப்ளை கடையும் நடத்தியவர். பர்ட்டன்ஸ் லேண்டிங் என்ற இடத்திலிருந்து வேக்லி பாலம் வரை 8.7 மைல், அதாவது 14 கிலோமீட்டர், அங்குள்ளவர்கள் 'ஹோலி வாட்டர்' என்று அழைக்கும் பகுதி. நம் பாஷையில் தீர்த்தம் என்றே வைத்துக்கொள்ளலாம். அந்தப் பகுதியில் பிடித்த மீன் எதையும் கொல்லக் கூடாது, எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டும் என்று சட்டம் கொண்டுவரத்தான் கேட்ஸும் இன்னும் சிலரும் சேர்ந்தார்கள். போராடி வாங்கியும் விட்டார்கள்.

இது சரியா என்று கேட்டால் எனக்கே இரண்டு மனம். மீனைப் பிடித்தால் குழம்பு வைக்க வேண்டும் என்று வளர்ந்தவன் நான். அந்த ஊர்க்காரர்கள் பலருக்கும் அதே எண்ணம்தான்: "எங்கள் தாத்தா காலத்திலிருந்து இரவுச் சாப்பாட்டுக்கு மீன் பிடித்த ஆற்றில், டெட்ராய்ட்டிலிருந்து விலை உயர்ந்த கோலோடு வருகிறவர்கள் வந்து சட்டம் சொல்வதா?" நியாயமான கோபம். இதில் வர்க்க வித்தியாசம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மறுபக்கம் கணக்கு இப்படி: புழுவை வைத்துப் பிடித்தால் முள் பல நேரம் தொண்டைக்குள் போய்விடும்; அப்படிப் பிடித்த ட்ரவுட்டை விடுவித்தாலும் மொத்தத்தில் ஏறக்குறைய கால் பங்கு செத்துவிடும். ஃப்ளையில் பெரும்பாலும் உதட்டில்தான் முள் ஏறுகிறது. விடுவித்தால் சாவது நூற்றுக்கு நாலைந்துதான். அதனால்தான் அந்தப் பகுதியில் ஃப்ளை மட்டும். கூடவே, முள் நுனியில் மீன் நழுவாதபடி பிடிக்கும் குட்டிக் கொக்கியைப் பலர் குறடால் நசுக்கிவிட்டுத்தான் ஆற்றில் இறங்குகிறார்கள். மீனைத் தண்ணீருக்கு வெளியே தூக்காமல், கையை நனைத்துக்கொண்டு, முள்ளைத் திருகி எடுத்து விடுவார்கள். ஐந்து விநாடி வேலை.

சரி, சட்டம் கிடைத்துவிட்டதே, சங்கத்தைக் கலைத்திருக்கலாம் இல்லையா? அங்கேதான் கதை திரும்புகிறது. மீனை நாம் கொல்லாவிட்டாலும் தண்ணீர் கெட்டுப்போனால் மீன் சாகும் என்பது அவர்களுக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. அதன்பின் அந்தச் சங்கத்தின் வரலாறு பாதிக்குமேல் வழக்கு வரலாறுதான்.

மேசன் எழுதிவைத்த காட்டின் அடியில் இருக்கும் எரிவாயுவை எடுக்க ஒரு கம்பெனி கிளம்பியது. காட்டுக்குள் துளை போடவில்லை, அதை ஒட்டிய தேசியக் காட்டு நிலத்திலிருந்து சாய்வாகத் துளைத்து எடுக்கிறோம் என்றார்கள். வனத்துறை 2005இல் அனுமதியும் கொடுத்தது. சங்கம், சியரா கிளப் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு, மேசனின் பேரன் மூவரும் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். சுற்றுச்சூழல் ஆய்வைச் சரியாகச் செய்யாமல் அனுமதி கொடுத்தது தப்பு என்று கூட்டாட்சி நீதிமன்றம் 2008இல் சொன்னது.

இன்னொரு வழக்கு அதைவிட விசித்திரம். ஓசாபிளுக்குத் தலைநீர் கொடுக்கும் கோல்க்கி ஓடை என்று ஒன்று. பக்கத்து வட்டாரத்தில் எரிவாயு ஆலை ஒன்றின் கீழே நிலத்தடி நீர் கெட்டுப்போயிருந்தது. அதைச் சுத்திகரித்துத் தினமும் 43 லட்சம் லிட்டர் அந்த ஓடையில் விடுகிறோம் என்றது கம்பெனி. மாநில அரசு சரி என்றது. சங்கம் நீதிமன்றம் போனது. மாநில உச்ச நீதிமன்றம் 2010 டிசம்பர் கடைசியில், நாலுக்கு மூன்று என்ற கணக்கில், சங்கத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு சொன்னது. கெடுதல் செய்பவர்மேல் மட்டுமல்ல, அதற்கு அனுமதி கொடுத்த அரசுத் துறைமேலும் குடிமக்கள் வழக்குப் போடலாம் என்றும் அதில் இருந்தது. பெரிய வெற்றி. ஆனால் மிச்சிகனில் உச்ச நீதிமன்ற நீதிபதிகளும் தேர்தலில் வருகிறவர்கள். அந்த நவம்பர் தேர்தலில் பெரும்பான்மை மாறியிருந்தது. ஜனவரியில் புதியவர்கள் உட்கார்ந்ததும் வழக்கை மறுபடி எடுத்தார்கள். கம்பெனியே திட்டத்தைக் கைவிட்டுவிட்டதால் இப்போது வழக்குக்கு வேலையில்லை என்று சொல்லி, 2011இல் முந்தைய தீர்ப்பையே ரத்து செய்துவிட்டார்கள். ஓடை பிழைத்தது. தீர்ப்பு பிழைக்கவில்லை. கேட்ஸ் இந்த இரண்டு தீர்ப்பையும் பார்க்கவில்லை. 2009 டிசம்பரில் காலமாகிவிட்டார்.

மூன்றாவது சண்டை மீன் வளர்ப்பவர்களோடு! கிரேலிங் ஊரில் ஒரு பழைய மீன் குஞ்சுப் பண்ணை உண்டு. 1914இல் அதைத் தொடங்கியவர் ராஸ்மஸ் ஹேன்சன், அந்த ஊரின் மர முதலாளி. காட்டை வெட்டி முடித்த பிறகு, அழிந்த கிரேலிங் மீனைத் திரும்பக் கொண்டுவரலாம் என்று ஆசைப்பட்டாராம். பலிக்கவில்லை. பிறகு பண்ணை அரசிடம் போய், மூடப்பட்டு, பிள்ளைகள் மீனுக்குப் பொரி போடும் சுற்றுலா இடமாக ஆனது. அதைக் குத்தகைக்கு எடுத்த ஒரு நிறுவனத்துக்கு வருடம் 1,36,000 கிலோ ட்ரவுட் வளர்க்க 2014இல் அனுமதி கிடைத்தது. பண்ணைக் கழிவு நேராகப் போய்ச் சேரும் இடம் ஹோலி வாட்டருக்குச் சற்று மேலே. அத்தனை மீனின் எச்சமும் மிச்சத் தீனியும் ஆற்றில் கலந்தால் பாசி பிடிக்கும், இரவில் பிராணவாயு குறையும், மீனுக்கு நோய் பரவும் என்று சங்கம் எதிர்த்தது. பல வருட இழுபறிக்குப் பிறகு சமரசம்: பண்ணை நின்றது, குத்தகையைச் சங்கமே வாங்கிக்கொண்டது.

அதே ஹேன்சன் 1913இல் தானமாகக் கொடுத்த நிலத்தில் வளர்ந்ததுதான் கேம்ப் கிரேலிங் என்ற ராணுவப் பயிற்சி முகாம். இப்போது அது 1,48,000 ஏக்கர். தீயணைப்பு நுரையில் இருந்த பிஃபாஸ் ரசாயனம் முகாமைச் சுற்றியுள்ள நிலத்தடி நீரில் இறங்கியிருப்பது தெரியவந்தது. அது அடங்குவதற்குள் 2022இல் இன்னும் 1,62,000 ஏக்கர் மாநிலக் காடு பயிற்சிக்கு வேண்டும் என்று கேட்டார்கள். இந்தத் தடவை கிளப்காரர்களும், முன்பு அவர்களைத் திட்டிய ஊர்க்காரர்களும், மான் வேட்டைக்காரர்களும் ஒரே பக்கம் நின்றார்கள். 2023இல் மாநிலம் அந்தக் குத்தகையை மறுத்து, அதைவிடச் சிறிய பரப்பில் கட்டுப்பாடுகளோடு மட்டும் இடம் கொடுத்தது.

இப்போது உங்கள் கேள்வியின் நோக்கம் என்ற பகுதி. கிளப் விதிமுறைத் தாளைப் பார்த்தால் ஆற்றைப் பாதுகாத்து அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பது, விளையாட்டை வளர்ப்பது என்று இருக்கும். நடைமுறையில் சந்தாப் பணம் போவது வக்கீலுக்கும் நீரியல் நிபுணருக்கும். ஆட்களின் உழைப்பு போவது சின்னச் சின்ன வேலைகளுக்கு: வருடா வருடம் ஆற்றில் குப்பை பொறுக்குவது, தண்ணீரில் வெப்பமானி வைத்துக் கணக்கெடுப்பது, கல்லைப் புரட்டி அடியில் எத்தனை வகைப் பூச்சிப் புழு இருக்கிறது என்று எண்ணுவது. பூச்சி எண்ணிக்கை குறைந்தால் எங்கோ மேலே ஏதோ கலக்கிறது என்று அர்த்தம். ரசாயனப் பரிசோதனைக்கு முன்பே பூச்சி சொல்லிவிடும். கரையிலிருந்து மரங்களை வேண்டுமென்றே ஆற்றுக்குள் சாய்ப்பதும் உண்டு. கட்டை ஓட்டியவர்கள் நூறு வருடம் முன்பு வழி மறிக்கிறது என்று இழுத்துப் போட்ட மரங்களுக்குப் பதிலாக இது. அடியில் மீன் ஒளிந்துகொள்ள இடம் வேண்டும்.

இதையெல்லாம் மீறி மனிதர்கள் ஏன் சேர்கிறார்கள் என்றால், ஜூன் கடைசியில் ஒரு ராத்திரி அங்கே இருந்து பார்க்க வேண்டும். ஹெக்ஸ் என்று செல்லமாக அழைக்கும் பெரிய மேஃப்ளைப் பூச்சி, ஆற்றுச் சேற்றுக்குள் இரண்டு வருடம் புழுவாகக் கிடந்துவிட்டு, இருட்டியபின் கூட்டம் கூட்டமாக எழும்பும். மழை விட்ட மாலையில் நம் வீட்டு விளக்கைச் சுற்றும் ஈசலை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஆறு முழுக்க. அதற்கும் ஈசல் ஆயுள்தான்; சாப்பிட உதவும் வாய் கிடையாது, ஓரிரு நாளில் முட்டையிட்டுச் செத்து நீரில் விழும். பகலில் தலைகாட்டாத பெரிய ட்ரவுட்கள் அன்று மேலே வந்து சளக் சளக்கென்று விழுங்கும். கண்ணுக்கு எதுவும் தெரியாது. சத்தம் வந்த திசையில் பூச்சியை எறிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். நான் போன இரண்டு தடவையும் எனக்கு ஒன்றும் மாட்டவில்லை. மூன்றாவது தடவைக்கு லீவு சொல்லி வைத்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் கூடுதலாகச் சொல்லிவிடுகிறேன். ஜூலை, ஆகஸ்டில் உங்கள் தம்பி அதிகாலையில் ஆற்றுக்குப் போய், தூண்டிலே போடாமல் அரை மணியில் திரும்பி வந்தால் ஏதோ மனக்கஷ்டம் என்று பயப்பட வேண்டாம். பையில் ஒரு வெப்பமானி வைத்திருப்பார். தண்ணீர் 20, 21 டிகிரியைத் தொட்டுவிட்டால் ட்ரவுட்டுக்கு மூச்சு முட்டும். அந்த நேரத்தில் பிடித்து விளையாட்டுக் காட்டினால், விட்ட பிறகும் செத்துப்போகும். பார்த்திருப்பார், பையைக் கட்டியிருப்பார்.